யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தத்துவம் கற்பிக்கிறேன். எங்கள் கட்டுரைகளை எங்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. பொதுவாசகர்களுக்கு எழுதினால் உடன் வேலை பார்ப்பவர்கள் 'சில்லறை வேலை' என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களுக்கும் எங்களைக் கூப்பிடுவதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, குளத்தில் மூழ்கும் குழந்தையை வைத்து ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் சொல்லும் வாதத்தை, எங்கள் ஊருணியைக் காட்டி ஆத்தாவுக்கு விளக்கினேன். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். தத்துவப் பேராசிரியனுக்கு இன்று ஊரில் ஏதாவது வேலை இருக்கிறதா? செயற்கை நுண்ணறிவு வந்தபின் இருப்பதும் போய்விடுமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

செயற்கை நுண்ணறிவை விடுங்கள். இப்போதெல்லாம் எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொலைக்காட்சியில் கூப்பிடாதது உங்கள் நல்ல நேரம். சில்லறை வேலை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) தான் ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டது, இவர்கள் இன்னும் எந்த இதழில் எழுதினால் எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த "அதோடு விட்டுவிட்டேன்".

சிங்கரின் கட்டுரை 1972-இல் வந்தது. கிழக்கு வங்காளத்தில் மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது எழுதியது. கண்முன்னே குழந்தை மூழ்கினால் வேட்டி சேறாகுமே என்று யாரும் நிற்க மாட்டோம். தூரத்தில் சாகிற குழந்தைக்கு மட்டும் ஏன் கை நீளவில்லை, தூரம் ஒரு நியாயமா என்று கேட்டார். அன்றிலிருந்து அவரை மறுக்கிறவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடங்களில் ஒன்று, தன் மனிதர்களுக்கென்று தனிக் கடமை கிடையாதா என்பது. அதை உங்கள் ஆத்தா மூன்று சொல்லில் கேட்டுவிட்டார்கள். உங்களுக்கு அது காதிலேயே விழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை விழுந்தால், எந்த ஆச்சியும் முதலில் தூக்குவார், முழங்கால் மண்ணைத் தட்டிவிடுவார், அப்புறம்தான் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்பார். யாரிடம் கொண்டுபோய் விடுவது என்று தெரியவேண்டுமே. உங்கள் ஆத்தா கேட்டது தூக்குவதற்கு முன்பா, பின்பா? இரண்டும் வேறு வேறு தத்துவம், ஐயா. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

என் ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, காரைக்குடியில் ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளை. ஐந்தொகை காலணா இடித்தாலும் அவருக்கு ராத்திரி சோறு இறங்காது. கடன் வாங்கியவர் வந்து "என் கணக்கைச் சொல்லுங்க" என்றால் முகப்பில் உட்காரவைத்து, பேரேட்டைப் பிரித்து வரி வரியாக வாசித்துக்காட்டுவார். ஒருமுறை கைநாட்டுக்காரர் ஒருவர், "ஆடியில குடுத்த பத்து ரூவா எங்க?" என்றார். ஐயா அரைமணி நேரம் தேடினார். வரவு வைக்காமல் விட்டது ஐயாதான். அங்கேயே எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினார்.

மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தக் காதைக்குப் பெயரே 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. கணக்கர்! முனைவர் என்பதைவிட எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். அளவைவாதி முதல் பூதவாதி வரை ஏட்டைப் பிரித்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு அவள் முனிவன் வேடம் பூணவேண்டியிருந்தது. இளம்பெண் என்று தெரிந்தால் எவரும் பொருள் சொல்ல மாட்டார்கள் என்று கண்ணகித் தெய்வமே எச்சரிக்கிறது. ஆளைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் வியாதி நமக்கு நேற்று வந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் தத்துவக் கருத்தரங்கு. தலைப்பில் 'சமூகம்' என்ற சொல்கூட இருந்தது. ஆளுக்கு ஏழு நிமிடம் கட்டுரை வாசித்தார்கள். கேள்வி நேரம் வந்ததும் சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். நான் கை தூக்கினேன். தூக்கிய கையில் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பணியாரம் நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். பொதுவில் எழுதுங்கள், தாராளமாக. ஆனால் சிங்கரை எளிமையாக்கி ஊருக்குக் கொண்டுவருவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அடுத்த கட்டுரையில் ஆத்தாவின் கேள்வியை எதிர்வாதமாக வையுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காமல். படித்த படிப்பைப் பெற்றவளிடம் உட்கார்ந்து சொல்லிப்பார்த்த பிள்ளைகள் குறைவு. அதற்காகவே உங்களைத் திட்ட மனமில்லை, திட்டியும் விட்டேன்.

அடுத்தமுறை ஊருக்குப் போனால் கேளுங்கள்: தூக்குறதுக்கு முன்னாடியா ஆத்தா, பின்னாடியா? என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.