பத்தாயிரம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: போன வாரம் உறவினர் வீட்டு வரவேற்புக்குப் போய்விட்டு இரவு 11 மணிக்கு காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் போலீஸ் நிறுத்தி என் கணவரை ஊதச் சொன்னார்கள். மெஷினில் 68 என்று காட்டியது. ‘ரெண்டே பெக்தான்’ என்கிறார். சலான் கொடுத்துவிட்டு வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் என் பேரில் இருக்கிறது. அன்று முன் சீட்டில் நானும் இருந்தேன். ‘பத்தாயிரம் கட்டினா முடிஞ்சுது’ என்கிறார் கணவர். ‘ரத்தப் பரிசோதனை எடுக்கலை, கேஸ் நிக்காது’ என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை, சகோதரி.

தம்பியின் வாதத்தை முதலில் முடித்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுக்கு ஊதும் மெஷினின் கணக்கே போதும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். மெஷின் மேல் சந்தேகம் இருந்திருந்தால் அன்றிரவே ரத்தப் பரிசோதனை கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டு என்ன பயன்? ஊதவே மாட்டேன் என்று முறுக்கிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களைக் கைது செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

‘ரெண்டே பெக்’ என்பது பிடிபடும் எல்லோரும் சொல்வதுதான். பெக் எத்தனை என்று சட்டம் கேட்பதில்லை. நம் கல்லீரல் 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் என்ற அளவில்தான் ஆல்கஹாலைக் கரைக்கும். 11 மணிக்கு 68 என்றால், அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தாலும் 30-க்கு இறங்க நள்ளிரவு தாண்டி ஒரு மணியாவது ஆகும். நடுவில் பீடா, ஏலக்காய், கட்டங்காபி என்று எதைப் போட்டாலும் வாய் மணக்குமே தவிர நுரையீரலிலிருந்து வரும் காற்று மாறாது.

இப்போது உங்கள் கணவரின் பத்தாயிரம். 2019 திருத்தத்தில் வந்த தொகை இது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. முன்பு இரண்டாயிரமாக இருந்த பழக்கத்தில், இதையும் ஒரு செலவாகவே பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவை என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் ரோட்டிலேயே பணத்தைக் கட்டிச் சமாதானமாகப் போகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இது கிடையாது. ‘நான் முடிச்சுத் தர்றேன்’ என்று யாராவது வந்தால் ஐந்து பைசா கொடுக்காதீர்கள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனையாகப் பதிவாகும். அடுத்த முறை பிடிபட்டால் இரண்டாவது குற்றம்: 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

லைசென்ஸ் விஷயத்தை உங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை போலிருக்கிறது. குடித்து ஓட்டியவர்களின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அலமாரியில் போட்டுவிடாமல் பதில் கொடுக்கச் சொல்லுங்கள். லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கும்போது ஓட்டினால் அது தனிக் குற்றம்.

அந்தக் குற்றத்தில் நீங்களும் மாட்டுவீர்கள். லைசென்ஸ் செல்லாத ஒருவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுக்கும் உரிமையாளருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர். பல வீடுகளில் மனைவி பேரில் வண்டி வாங்குவது ஒரு சௌகரியம். அதோடு என்ன பொறுப்பு வருகிறது என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

அன்று முன் சீட்டில் இருந்ததும் சாதாரண விஷயமில்லை. குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. குடித்தவரோடு தெரிந்தே வண்டியில் வருபவர்கள் மேலும் வழக்குப் போடுவோம் என்று 2022 அக்டோபரில் சென்னை போலீஸ் அறிவித்தது நினைவிருக்கலாம். உங்கள் பேரில் சலான் போடாததை அன்றைய அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் யார் மீதாவது மோதியிருந்தால்? குடித்து ஓட்டியது தெரிந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவது உண்டு. அந்த உரிமையாளர் நீங்கள். லட்சக்கணக்கில் வரும்.

உயிர் போனால் கதையே வேறு. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் குடித்து ஓட்டப்பட்ட கார் ஒன்று, நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் ஏறி 7 பேர் இறந்தார்கள். கவனக்குறைவு என்று கீழ்க் கோர்ட் கொடுத்த தண்டனை 6 மாதம். உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக எடுத்து 3 வருடமாக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்றைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவுக்கே 5 வருடம் வரை உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டியதாக முடிவானால் 10 வருடம் வரை போகும். 3 வருடம் குறைவு என்பதுதான் என் அபிப்பிராயம், அது வேறு விஷயம்.

அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பும்போதே ஒரு ஆக்டிங் டிரைவரைப் பேசிவிடுங்கள். மண்டபத்துக்குப் போன பிறகு சாவிக்குச் சண்டை போட்டால் சொந்தக்காரர்கள் நடுவில் நீங்கள்தான் பொல்லாதவர் ஆவீர்கள். கணவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நீங்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வாருங்கள், சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு.

காரை எடுக்க ஆர்.சி., இன்ஷூரன்ஸ், உங்கள் அடையாள அட்டை, சலான் எல்லாவற்றையும் கொண்டு நீங்களே நேரில் போவது நல்லது. ஓட்டி வர லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும். உங்கள் தம்பியையே கூட்டிப்போகலாம், காலையில் போவதாக இருந்தால்.