ஆட்டிசம் பிள்ளைகளுக்கு உதவிப் பணம்: எங்கே கேட்பது, எப்படிக் கொடுப்பது?

வேலூர் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்டில் கணக்கு எழுதுகிறேன். என் மகனுக்கும் ஆட்டிசம்தான், அதனால் பணம் கேட்ட அனுபவமும் உண்டு, கொடுத்த பணத்துக்கு ரசீது போட்ட அனுபவமும் உண்டு. வந்த கேள்விகளில் சில.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு நாலரை வயது. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். ஸ்பீச் தெரபிக்குக் கட்டுப்படியாகவில்லை. யாரிடம் கேட்பது அக்கா?

டிரஸ்ட்டுகளிடம் போகும் முன் காகிதத்தை முடித்துவிடுங்கள் தங்கச்சி. மாற்றுத்திறனாளி சான்றும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இல்லாமல் எந்தக் கதவும் முழுசாகத் திறக்காது. அப்புறம் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு: வருஷத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டியிருக்கும், அதனால் ஒரு பில்லையும் தூக்கிப்போடாதீர்கள். மாத உதவித்தொகைக்கு உங்கள் பையனுக்குத் தகுதி இருக்கிறதா என்று சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனை நடத்தும் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். வாரத்தில் முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட்டிடம், மீதி நேரமெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறான்?

ஆரணி பட்டுக்கடைக்காரர்: மகள் பிறந்தநாளுக்கு உங்கள் பிள்ளைகளுக்குப் பிரியாணி போடலாமா?

மனசுக்கு நன்றி அண்ணே, ஆனால் வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தெரியாத வாசனை வந்தாலே சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், ஒருத்தன் வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடமாட்டான், பலூன் ஒன்று வெடித்தால் அன்றைக்கு வகுப்பே போச்சு. போட்டோ எடுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அதே பணத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஒரு மாத ஆட்டோக் கூலி கொடுங்கள். தெரபி இலவசம் என்றாலும் பஸ்ஸில் கத்தும் பிள்ளையைக் கூட்டிவர முடியாமல்தான் முக்கால்வாசித் தாய்மார்கள் நின்றுவிடுகிறார்கள். கட்டடத்துக்குப் பேர் பொறித்துக் கொடுக்க ஆள் கிடைக்கிறது, தெரபிஸ்ட் சம்பளத்துக்கும் ஆட்டோவுக்கும் கிடைப்பதில்லை. இன்னொன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியாக அனுப்புங்கள்.

காட்பாடிக்காரர், இப்போது துபாயில்: மாதம் கொஞ்சம் அனுப்ப ஆசை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) சிக்கல் வருமா?

இந்திய பாஸ்போர்ட்தானே தம்பி? அப்படியானால் உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் அண்ணன் அனுப்பினால் வரும், அதை எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்கலாம். ரசீதுக்கு பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆம்பூர் தோல் தொழிற்சாலை மேலாளர்: எங்கள் சிஎஸ்ஆர் பணத்தை (கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) இதற்குக் கொடுக்க முடியுமா?

முடியும் சார். மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்பது உங்களுக்கே தெரியும். வாங்கும் டிரஸ்ட்டுக்கு 12ஏ (டிரஸ்ட்டின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி, சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான பதிவு) மூன்றும் இருக்கிறதா, மூன்று வருஷமாவது வேலை செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு முறை அப்படி நிறுத்தியதில் பேச ஆரம்பித்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கு தெரபிஸ்ட் இல்லாமல் போனார். மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ராணிப்பேட்டை தாத்தா: பேரனுக்குப் பதினேழு. எங்களுக்குப் பிறகு?

இந்தக் கேள்விக்குப் பணத்தைவிடக் கையெழுத்து முக்கியம் ஐயா. பதினெட்டு முடிந்ததும் பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் மனுப் போட வேண்டும். அவன் பெயரில் வீடு எழுதிவைப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு ஆதார், பிறப்புச் சான்று, யுடிஐடி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் ஆறு மாசம் அலைய வைப்பார்கள்.