இழவு வீட்டில், திட்டு வாங்கும்போது சிரிப்பு வருவது ஏன்?

இதைப் பதற்றச் சிரிப்பு என்பார்கள். வேடிக்கையாக எதுவும் இல்லாமலே, மனம் தாங்க முடியாத இறுக்கத்தில் இருக்கும்போது தானாக வெளிப்படும் சிரிப்பு இது.

பயமோ துக்கமோ மிகும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலேறும், தசைகள் இறுகும். சிரிப்பு என்பது மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுவதுதான்; அதனால் இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. குக்கரில் ஆவி மிஞ்சினால் விசில் அடிக்கிறதல்லவா, அது போலத்தான். விசில் வந்ததால் உள்ளே கொதிப்பு நின்றுவிட்டது என்று யாரும் நினைப்பதில்லையே!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 14 பேர் இப்படிச் சிரித்தார்கள். வியர்வை, நடுக்கம், உதட்டைக் கடிப்பது போன்ற பதற்ற அறிகுறிகளோடுதான் அந்தச் சிரிப்பும் பதிவானது.

மூச்சைப் பிடித்து அடக்கப் பார்த்தால் பெரும்பாலும் பீறிட்டுத்தான் வரும். பார்வையைத் தாழ்த்தி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கூடச் சிரிப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள், அது தொற்றிக்கொள்ளும். மீறி வந்துவிட்டால், "பதற்றத்தில் வந்துவிட்டது, மன்னியுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்புக்குப் பிறகு காரணமின்றி அடிக்கடி சிரிப்போ அழுகையோ வந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

சாவு வீட்டில் சிரித்த பிள்ளையைக் கல்நெஞ்சுக்காரன் என்று ஏசுவது தவறு. அவனுக்குத் துக்கம் இல்லை என்பதற்கு அந்தச் சிரிப்பு சாட்சியாகாது.