ஜீனோடைப்பை டெக்ஸ்ட் கோப்பாக்குவது: கேள்வி – பதில்

கேள்வி: 400 மாதிரிகள், 50,000 ஸ்னிப்கள் (ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் டிஎன்ஏ இடங்கள்), பிளிங்க் 1.9 (ஜீனோடைப் தரவை அலசும் மென்பொருள்) பைனரி கோப்பு. டெக்ஸ்ட்டாக மாற்றி எக்ஸெலில் திறந்தால் பெரும்பகுதியைக் காணோம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரஷனும் (ஸ்னிப்புக்கும் பண்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுவது) போட வேண்டும். — ஆய்வு மாணவி, கோவை

பதில்: தரவு எங்கும் போகவில்லை. வெறும் '--ரீகோட்' கொடுத்திருப்பீர்கள். குடும்ப எண் தொடங்கி பீனோடைப் (ஆராயும் பண்பு அல்லது நோய்நிலை) வரை முதலில் ஆறு நெடுவரிசை, பிறகு ஸ்னிப்புக்கு இரண்டு என்று அது எழுதும். ஆக 1,00,006 நெடுவரிசை. எக்ஸெல் 16,384-உடன் நின்றுவிடும். (பைனரி கோப்பின் எக்ஸ்டென்ஷனும் (.bed) டெக்ஸ்ட் கோப்பின் எக்ஸ்டென்ஷனும் (.ped) தமிழில் எழுதினால் 'பெட்' தான். லேப் நோட்டில் எழுதும்போது கவனம்!)

ரிக்ரஷனுக்கு '--ரீகோட் ஏ' போடுங்கள், ஏ கேபிடல். ஸ்னிப்புக்கு ஒரே நெடுவரிசை, அதில் 0, 1, 2. விடுபட்ட இடத்தில் என்ஏ. கண்ணால் பார்க்க மட்டும் என்றால் 'ஏ-டிரான்ஸ்போஸ்': 50,000 வரிசை, 406 நெடுவரிசை, எக்ஸெலில் அடங்கும்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். 0, 1, 2 எந்த அல்லீலின் (அந்த இடத்தில் வரக்கூடிய இரு எழுத்துகளில் ஒன்று) எண்ணிக்கை? பிளிங்க் 1.9 ஏ1 அல்லீலை எண்ணும்; அது பெரும்பாலும் அந்தக் கோப்பில் குறைவாக உள்ள அல்லீல். நோயாளிகளை மட்டும் பிரித்தெடுத்தால், 50 சதவீதத்தை ஒட்டிய ஸ்னிப்களில் ஏ1 மாறிவிடலாம். பிளிங்க் 2-இல் கட்டளையே '--எக்ஸ்போர்ட் ஏ'. அது ரெஃபரன்ஸ் அல்லீலை (ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்த அல்லீல்) எண்ணும். அதே தரவில் 2 இருந்த இடத்தில் 0 வரும், ரிக்ரஷன் தரும் விளைவு அளவான பீட்டாவின் குறி தலைகீழாகும், பிழைச்செய்தி எதுவும் வராது. நெடுவரிசைத் தலைப்பில் ஸ்னிப் பெயரை அடுத்து அடிக்கோடு, ஓர் எழுத்து இருக்கும். அது ஜி என்றால், 2 என்பது ஜிஜி. ஸ்னிப் பெயர், அல்லீல் என இரண்டே நெடுவரிசையில் ஒரு கோப்பு செய்து '--ரீகோட்-அல்லீல்' வழியே கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே அல்லீல்தான் எண்ணப்படும்.

கேள்வி: ஆரில் படித்துத் திரும்ப எழுதினால் டி அல்லீல் 'ட்ரூ' ஆகிறது. ஏன்?

பதில்: ஒரு நெடுவரிசை முழுக்க டி மட்டுமே இருந்தால் 'ரீட்.டேபிள்' அதை லாஜிக்கலாக (ட்ரூ/ஃபால்ஸ் வகை) எடுத்துக்கொள்ளும்; ஆரில் டி என்பது ட்ரூவின் சுருக்கம். 'கால்கிளாஸஸ்' இடத்தில் 'கேரக்டர்' கொடுங்கள். எழுதும்போது 'கோட்' (quote), 'ரோ.நேம்ஸ்' இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் எழுத்துகளைச் சுற்றி மேற்கோள் குறி வரும், தலைப்பு வரிசையிலும் ஒரு நெடுவரிசை குறையும். குரோமோசோமில் 1,00,000-ஆவது இடத்திலுள்ள ஸ்னிப்பின் இட எண் '1இ+05' என்று பதிவாகாமலிருக்க, முதலிலேயே ஆரின் 'சைபென்' (scipen) அமைப்பை 999 ஆக்குங்கள்.