வாசகர் கேள்வி-பதில்: ஆண்டுக்கு எத்தனை புத்தகம்?

கேள்வி: புத்தாண்டில் 50 புத்தகம் படிக்க ஆசை. போன வருடம் மார்ச்சிலேயே நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 50 அதிகம், சகோதரி. 200 பக்கப் புத்தகங்கள் என்றாலே 10,000 பக்கம். ஒரு நாள் விடாமல் தினம் 27 பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டும். தைப்பூசம், தீபாவளி, தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று 65 நாளை முதலில் கழித்துவிடுங்கள். மீதி 300 நாளில் தினம் 16 பக்கம் படித்தால் 24 புத்தகம் முடியும். பக்கத்துக்கு 2 நிமிடம் வைத்தால் அரை மணி நேரம்தான்.

புத்தகத்தை எண்ணினால் தடித்த நாவலைக் கை தொடாது. பக்கத்தை எண்ணுங்கள், சமையலறைக் காலண்டரில் அன்றன்று குறித்தால் போதும். தவறிய நாளின் பக்கங்களை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். மார்ச்சில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கடன் சேர்வதால்தான். 50 பக்கம் தாண்டியும் இழுக்காத புத்தகமா? மூடிவிடுங்கள், பாவமில்லை. படித்த பக்கங்கள் மட்டும் கணக்கில் இருக்கட்டும்.