பறவைப் படம் எடுக்க மோனோபாட் உண்மையிலேயே உதவுமா, இல்லை கையில் பிடித்து எடுத்தாலே போதுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: கையில் 150-600 மிமீ லென்ஸ் இருக்கிறது, நடுக்கத்தைத் தடுக்கும் வசதி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் மோனோபாட் (கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பு) வீண் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் வாங்கத்தான் சொல்வேன். வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம் பக்கத்து ஏரிகள் என்று ஏழெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறேன். அதில் முதல் மூன்று வருடம் கையில் பிடித்தேதான் எடுத்தேன். அந்த மூன்று வருடத்தில் கைநழுவிப் போன படங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி500 கேமராவும் 200-500 லென்ஸும். கேமரா 860 கிராம், லென்ஸ் 2,300 கிராம். சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். தோளில் மாட்டிக்கொண்டு நடக்க இது ஒரு பாரமே இல்லை. அதையே கண்ணோடு ஒட்டி, ஒரே இடத்தைப் பார்த்தபடி நிறுத்திப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. அடுத்த நிமிடம் இடது தோள்பட்டை கடுக்க ஆரம்பிக்கும், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் பறவை மேலும் கீழுமாக மிதக்கும். சற்றுக் கையை இறக்குவீர்கள். பறவை அப்போதுதான் பறக்கும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியை ஏரிகளில் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். இதோ பாயப்போகிறது என்று நினைப்போம். பாயாது. பத்தடி தள்ளிப் போய் மறுபடி நிற்கும். பிறகு இன்னொரு இடம். நாலாவது ஐந்தாவது முறை அது நிற்கும்போது என் கை ஓய்ந்துபோயிருக்கும். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் கேமராவைத் தூக்குவேன். மீனோடு அது மேலே வரும் படம் எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது மோனோபாட் வாங்கிய பிறகுதான். கேமரா அதேதான், லென்ஸும் அதேதான். இருபது நிமிடம் லென்ஸை இறக்காமல் நிற்க முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்கள் சொல்வதில் விட்டுப்போனது இது. லென்ஸுக்குள் இருக்கும் வசதி கையின் நடுக்கத்தைச் சரிக்கட்டும், எடையைச் சுமக்காது. மோனோபாட் எடையைத் தாங்கும், கேமரா கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒற்றைக் காலில் நிற்பதால் பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். அதனால் மூன்று கால் தாங்கியான டிரைபாடில் வைக்கும்போது செய்வதுபோல மோனோபாடிலும் அந்த வசதியை அணைத்துவிடாதீர்கள். என் லென்ஸில் அதற்கு நார்மல், ஸ்போர்ட் என்று இரண்டு நிலைகள் உண்டு. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நார்மல், நகரும் பறவைக்கு ஸ்போர்ட்.

விடியற்காலை வெளிச்சத்தில் இதன் பலன் கண்கூடாகத் தெரியும். நீர்க்கடம்பு மரத்தில் வக்கா ஒன்று இரவு மேய்ச்சல் முடித்து வந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கையில் பிடித்தால் 500 மிமீ-ல் படம் கலங்காத ஷட்டர் ஸ்பீடு எனக்கு 1/1000 நொடி. லென்ஸின் துளை அளவு எஃப் 5.6-ல் அதற்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்) 6400 கேட்கிறது என்றால், மோனோபாடில் நிதானமாக 1/250-க்கு இறங்கலாம், ஐஎஸ்ஓ 1600 போதும். அந்தச் சாம்பல் இறகின் மென்மை படத்தில் வருவதும், புள்ளி புள்ளியாகச் சிதறிப்போவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆனால் இது அசையாத பறவைக்கு மட்டும். இறகு கோதிக்கொண்டிருக்கும் நாரைக்கு 1/500-ஆவது வேண்டும். பறக்கும் ஆலாவுக்கு 1/2000-க்குக் குறைந்தால் சிறகு நுனி கலங்கிவிடும். பறவையின் அசைவை எந்தத் தாங்கியாலும் நிறுத்த முடியாது.

வாங்கிய பல பேர் ஒரு மாதத்தில் அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். நிற்கும் முறை தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நேராக நின்று, உடம்புக்கு முன்னால் கம்பை நட்டு, அதன் மேல் கேமராவை வைத்தால் அது கொடிக்கம்பம் மாதிரி ஆடும். உங்கள் இரண்டு கால்களையும் சேர்த்து மூன்று கால் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, கம்பின் அடியை ஓர் அடி, ஒன்றரை அடி முன்னால் ஊன்றி, உடம்பின் எடையில் கொஞ்சத்தை அதன் மேல் சாய்த்துவிடுங்கள். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுக்க வேண்டாம். எடையைத்தான் கம்பு தாங்குகிறதே. அந்தக் கையை லென்ஸின் மேல், காலருக்குப் (கம்பில் பொருத்த லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம்) பக்கத்தில் வைத்து லேசாக அமுக்குங்கள். புருவம் வ்யூஃபைண்டரில் பதிய வேண்டும். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பட்டனைக் குத்தாமல், மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தி, மூன்று நாலு படமாக எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் தேறும்.

கம்பின் மேல் என்ன பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. உருண்டையின் மேல் எல்லாப் பக்கமும் சாயும் பால் ஹெட் வேண்டாம். உருண்டையைத் தளர்த்திய நொடியில் மூன்று கிலோவும் ஒரு பக்கமாகச் சரியும், பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு லென்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். மேலும் கீழும் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போதும். உங்கள் எடையைத் தாங்கும் எளிய வகை. இடம் வலம் திரும்பக் கம்பையே திருப்பிக்கொள்ளலாம். கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் கிம்பல் ஹெட் நாலு கிலோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, நம் லென்ஸுக்கு அது தலைப்பாரம். ஒன்றுமே இல்லாமல் லென்ஸ் காலரை நேராகக் கம்பில் முடுக்கியும் எடுக்கலாம். கரையில் நின்று எதிர்மட்டத்தில் இருக்கும் பறவைகளை எடுக்க அதுவே போதும், நானும் ஒரு வருடம் அப்படித்தான் எடுத்தேன். எப்படிப் பொருத்தினாலும் லென்ஸ் காலரில்தான் பொருத்த வேண்டும், கேமராவின் அடியில் அல்ல. அவ்வளவு நீள லென்ஸ் கேமராவின் வாயில் தொங்கினால், இரண்டும் சேரும் இடமான மவுண்ட்டுக்கு நல்லதில்லை, சமநிலையும் கிடைக்காது.

உயரத்தில் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. லென்ஸை மேலே தூக்கினால் கேமராவின் பின்பக்கம் கீழே இறங்கும். மர உச்சியில் இருக்கும் செம்பருந்தைப் பார்க்கக் குனிய வேண்டிவரும். அதனால் கண் உயரத்துக்கு வரும் கம்பு போதாது, ஹெட்டோடு சேர்த்து நெற்றிக்கு மேலே போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வால்பாறைப் பக்கம் சோலைமந்திகளை எடுத்தபோது இது நன்றாகப் புரிந்தது. சரிவில் நாம் மேலே, கம்பு கீழே என்று நிற்கும்போது இன்னும் அரை அடி வேண்டும். நீட்டும்போது கம்பின் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கண்ணிகளில் பருத்தவற்றை முதலில் நீட்டுங்கள், மெல்லிய கண்ணி கடைசியில் இருக்கட்டும். கார்பன் எடை குறைவு, அலுமினியம் விலை குறைவு. எதுவானாலும் உங்கள் கேமரா, லென்ஸ் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் என்று போட்டிருக்க வேண்டும்.

அடுத்து, நான் பட்ட நஷ்டம். ஒரு ஜனவரி காலையில் மோனோபாடோடு சேர்த்து லென்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் நடந்தேன். திடீரென்று தோளில் பாரம் குறைந்தது. திரும்புவதற்குள் லென்ஸ் கல்லில் விழுந்து உருண்டிருந்தது. ஹூட் உடைந்தது, ஜூம் வளையம் இறுகிவிட்டது, சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த சீசனில் பாதி போயிற்று. காரணம் பிறகுதான் பிடிபட்டது. அப்போது ஹெட் இல்லாமல் நேராக முடுக்கியிருந்தேன். கம்பின் அடி சேற்றில் பதிந்து நிற்க, கேமராவை மட்டும் இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பறவைகளைத் தொடர்ந்திருக்கிறேன். இடப்பக்கம் திருப்புவது திருகாணி கழலும் திசை. ஒவ்வொரு திருப்பலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. இப்போது கேமராவைத் தனியாகத் திருப்புவதில்லை, கம்பையும் கையால் பிடித்துச் சேர்த்துத் திருப்புகிறேன். அரைமணிக்கு ஒருமுறை முடுக்கிப் பார்க்கிறேன். தோளில் போடுவதானால் கேமராவின் வார் கழுத்தில் இருக்கும். நீங்களும் இதில் மெத்தனமாக இருக்காதீர்கள்.

மோனோபாட் உதவாத இடங்களும் உண்டு. சேற்றோரம் ஓடும் உள்ளான்களை அவற்றின் கண்மட்டத்தில் எடுக்கத் தரையில் படுக்கத்தான் வேண்டும், அங்கே அரிசி நிரப்பிய துணிப்பைதான் சரி. காட்டுக்குள் ஜீப்பில் போகும்போதும் சன்னல் விளிம்பில் அதே பைதான். காலிப் பையாகக் கொண்டுபோய், போகிற ஊர்க் கடையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் கம்பை வைத்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். பழவேற்காட்டில் மோட்டார் படகில் பூநாரை பார்க்கப் போகும்போது கம்பின் அடியைப் படகின் பலகையில் வைக்காதீர்கள், மோட்டாரின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறும். உங்கள் செருப்பணிந்த பாதத்தின் மேல் வைத்தால் அதிர்வைக் கால் வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேல் பறக்கும் கூழைக்கடாக்களுக்கு, கம்பை முழுக்கச் சுருக்கி அதன் அடியை இடுப்பு பெல்ட்டில் முட்டுக்கொடுத்து நிமிர்ந்தால் போதும், பாதி எடையை இடுப்பு வாங்கிவிடும். கழற்றி வைத்துவிட்டு எடுப்பதைவிட எனக்கு அது வசதியாக இருக்கிறது.

டிரைபாட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மறைவிடத்தில் நாள் முழுக்க உட்காருபவருக்கு டிரைபாடுக்கு இணையில்லை. ஆனால் சீசனில், ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் கரையில், குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக நடந்துபோகிற பாதையில் மூன்று காலை விரித்து இடத்தை அடைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. மோனோபாடுக்கு ஒரு சாண் இடம் போதும்.

பறவைகளின் பக்கமிருந்தும் யோசியுங்கள். நீளமான ஒரு கம்பைச் சட்டென்று உயர்த்தினால் அது துப்பாக்கி உயர்வது போலத்தான் தெரியும். மடையான்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று பறவைகளை அந்த ஊர்க்காரர்கள் கூடவே வைத்துக் காத்தார்கள். அந்தக் கரையில் நின்று எடுக்கும் நமக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கம்பை இருப்பிடத்துக்கு வரும் முன்பே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், நின்ற பிறகு மெதுவாக ஊன்றுங்கள். குஞ்சுள்ள கூட்டுக்குப் பக்கத்தில் கரையைவிட்டு இறங்கவே வேண்டாம்.

கோடியக்கரை, பழவேற்காடு போன்ற உப்புத்தண்ணீர்ப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே எல்லாக் கண்ணிகளையும் நீட்டி, நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே காயவையுங்கள். மணல் ஏறிய கண்ணிப் பூட்டு அடுத்த முறை பாரம் தாங்காமல் மெல்ல இறங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் காசு செலவழிக்காமல் பார்த்துவிடலாம். உங்கள் மூக்கு உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியை எடுத்து, மேல்முனையில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். அடுத்த ஞாயிறு அதை ஏரிக்குக் கொண்டுபோய், கழியின் தலையை இடது கையால் பிடித்து, அந்தக் கையின் மேல் லென்ஸ் காலரை வைத்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் படம் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தோள் எப்படி இருக்கிறது, எத்தனை நேரம் லென்ஸை இறக்காமல் இருந்தீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த உயரத்தில், எந்த வகை வாங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.