முன் வரிசையில் உட்கார வைத்தால் போதுமா?

கேள்வி: என் மகள் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இருட்டில் தெரிவதில்லை, பக்கவாட்டிலும் தெரிவதில்லை. தெரிந்த பதிலைக்கூடத் தேர்வில் எழுதி முடிக்க நேரம் போதவில்லை. கேட்டதற்கு முன் வரிசையில் உட்காரச் சொன்னார்கள், வினாத்தாளைப் பெரிதாக்கியும் கொடுத்தார்கள். பயனில்லை. ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத் திறனாளி அட்டை எடுக்கலாம் என்றால், "அப்புறம் வேலை, கல்யாணம் எல்லாம் என்ன ஆகும்?" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது? (பட்டர்வொர்த் வாசகி)

அம்மா, உங்கள் மகள் மேல் தவறே இல்லை. கொடுத்த உதவி வேறு ஒரு கண்ணுக்கு ஏற்றது, அவ்வளவுதான்.

இந்த நோயில் விழித்திரையின் ஓரப்பகுதிதான் முதலில் பாதிக்கப்படும். நடுப்பகுதி பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என்று சொல்லலாம். அந்தச் சிறிய வட்டத்துக்குள் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரியலாம், வட்டத்துக்கு வெளியே ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவருக்கு வினாத்தாளைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? முன்பு எட்டுச் சொல் அடங்கிய வட்டத்தில் இப்போது மூன்றுதான் அடங்கும். வரி முடிவதற்குள் கண் பலமுறை நகர வேண்டும், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டும். நேரம் அங்கேதான் போகிறது. முன் வரிசையும் அப்படித்தான். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மூலைதான் வட்டத்துக்குள் வரும், சில வரிசை பின்னால் போனால் முழுப் பலகையும் வரலாம். படிவத்தில் "பார்வைக் குறைபாடு" என்று ஒரே சொல் இருந்தால், அலுவலகம் வழக்கமாகக் கொடுக்கும் உதவியைத்தான் கொடுக்கும்.

அதனால் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த வேலை எப்படித் தடைபடுகிறது என்று காட்டுங்கள். மகளை இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கம் படிக்க அவருக்கு எத்தனை நிமிடம், தோழிக்கு எத்தனை நிமிடம்? எந்த அறையின் விளக்கு கண்ணைக் கூசுகிறது? எந்த விரிவுரையாளரின் குறிப்புகள் புகைப்படம் எடுத்த பக்கங்களாக வருகின்றன? மாலை வகுப்பு முடிந்து விடுதிக்கு எப்படி நடக்கிறார்? நான் பேசிப் பார்த்த மாணவர்களில் பலர் இதைக் கேட்டதும் முதலில் "தெரியாது" என்பார்கள். சின்ன வயதிலிருந்தே சமாளித்துப் பழகியதால், சமாளிப்பதே கண்ணில் படாமல் போயிருக்கும்.

அடுத்தது மருத்துவர் கடிதம். பலர் வழுக்குவது இங்கேதான். நடுப்பார்வை நன்றாக இருந்தால் கடிதத்தில் பார்வைக் கூர்மை 6/9 என்று இருக்கும். அதைப் பார்ப்பவர் "கிட்டத்தட்ட நல்ல பார்வைதானே" என்று நினைத்துவிடுவார். பார்வைப் புலம், அதாவது கண்ணை நகர்த்தாமல் தெரியும் பரப்பு, எத்தனை டிகிரி என்ற அளவும், கண்கூச்சம், மாலைக்கண், வாசிக்கும் வேகம் ஆகியவையும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஓகேயூ பதிவுக்கான வரையறையிலும் பார்வைப் புலம் ஒரு தனி அளவுகோல்தான். மையத்திலிருந்து 20 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், எழுத்து தெரிந்தாலும் குறைந்த பார்வை என்ற வகையில் சேரும்.

சரி, என்னென்ன கேட்பது? முதலில் கூடுதல் நேரம். பிரிட்டனின் பள்ளித் தேர்வுகளில் 25 விழுக்காடு வழக்கமான அளவு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது 45 நிமிடம். உங்கள் மகளுக்கு எவ்வளவு என்பதைக் குறிப்பேடு சொல்லட்டும். வினாத்தாளைக் கணினியில் தரச் சொல்லுங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கண்கூச்சத்தைக் குறைக்கலாம், எழுத்தளவையும் அவரே மாற்றிக்கொள்ளலாம். பாடக்குறிப்புகள் வகுப்புக்கு முன்பே எழுத்துக் கோப்பாக வர வேண்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்ததை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளால் அப்படியே வாசிக்க முடியாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், சாதாரண விண்டோஸ் கணினியில் ஓடும், ஆங்கிலம், மலாய் இரண்டையும் வாசிக்கும். கண் களைத்த பிறகு காதால் படிக்க இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் பருவத் தொடக்கத்தில், முதல் இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேர்வு வாரத்தில் கேட்டால் தனி அறைக்கும் கண்காணிப்பாளருக்கும் எங்கே போவார்கள்? மாணவர் விவகாரப் பிரிவில் ஓகேயூ மாணவர்களைக் கவனிப்பவரிடம் ஒன்று, ஃபேகல்ட்டிக்கு ஒரு நகல். நேரில் பேசினாலும் பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆள் மாறினாலும் மின்னஞ்சல் இருக்கும்.

"மற்ற மாணவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?" என்று யாராவது கேட்கலாம். அதே வினா, அதே திருத்தம், அதே மதிப்பெண். தேர்வு சோதிப்பது பாட அறிவை, வரியைத் தேடிப்பிடிக்கும் வேகத்தை அல்ல. இதை மகளே தன் வாயால் சொல்லப் பழக வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, 28-ஆவது பிரிவில் அரசாங்கக் கல்வி நிலையங்களோடு தனியாரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. ஆனால் மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லாமல் இயற்றப்பட்ட சட்டம் அது. எனக்கு இது பெரிய வருத்தம். ஆகவே கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள், அதை வைத்து மிரட்டாதீர்கள். குறிப்பேடும் மருத்துவர் கடிதமும்தான் காரியம் சாதிக்கும்.

அட்டை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. பதிவு கட்டாயமில்லை, சமூகநல இலாகாவில் விரும்பினால் செய்வது. உறவினர் யாரிடமும் காட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் உயர்கல்வி அமைச்சு ஓகேயூ மாணவர்களுக்குத் தரும் நிதியுதவிக்கு அட்டை வேண்டும். வேலை கெட்டுவிடும் என்கிறீர்கள், அரசாங்கச் சேவையில் ஓகேயூ பிரிவினருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கல்யாணத்தைப் பொறுத்தவரை, மறைக்க நினைப்பது அட்டையையா, நோயையா என்று வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். இது பரம்பரையாக வரும் நோய். எந்த வகை, பிள்ளைகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்பது மகளின் உரிமை.

நீங்கள் கேட்காத ஒன்று. மகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாரா? ஓட்டினால் மருத்துவரிடம் பேசும்வரை சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் வரும் லாரி அவருக்குத் தெரியாது.

பினாங்கிலேயே பாகான் ஜெர்மாலில் செயின்ட் நிக்கோலஸ் இல்லம் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்காக 1926-இல் மலாக்காவில் தொடங்கி இங்கே வந்த அமைப்பு. வெள்ளைக்கோலோடு நடக்க, கணினி பழக அங்கே விசாரியுங்கள். பார்வை மிச்சம் இருக்கும்போதே பழகினால் கற்பது எளிது. பல்கலைக்கழகச் சந்திப்புக்கு நீங்களும் போங்கள், ஆனால் பக்கத்தில் உட்காருங்கள். குறிப்பேட்டைத் திறந்து மகள் பேசட்டும்.